அன்னையின் அறுபதாம் பிறந்த நாள்

பிறந்த நாள் விழாக்கள் இன்று நம் இல்லங்களில் மலிந்துவிட்டன. சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள எந்தச் சந்தினுள் நுழைந்தாலும், மாதம் ஒரு முறையேனும் பலூன் வளைவும், குழந்தையின் உருவம் பொறித்த பதாகையும் கண்ணிற் படுகின்றன. குழந்தை மகிழக் கண்டு பெற்றோர் மகிழ்வது இயல்பே. அதில் குறை காண நான் முற்படவில்லை. நான் எழுதப் புகுந்ததோ ஒரு குழந்தையின் பிறந்த நாளைப் பற்றியன்று. தமக்குரிய நாள் எதுவென்றே அறியாமல் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒரு தாயின் பிறந்த நாளைப் பற்றியாகும். அத்தாய் என் அன்னையார்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, சனிக்கிழமை. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பேசியில் ஏதோ ஒலித்தது. ஒன்பது வயதான என் மகள் ஓடிச்சென்று எடுத்துப் படித்தாள். "அப்பத்தா, உங்களுக்குப் பிறந்த நாள் வாழ்த்து வந்திருக்கு! பாங்கியிலிருந்து அனுப்பியிருக்காங்க" என்று கூவினாள்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "யாருக்குப் பொறந்த நாளு?" என்றார்.

வீட்டில் இருந்த எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அன்னையாருக்கு ஆண்டுதோறும் வாழ்த்துக் கூறியவர் ஒருவர் உண்டென்றால், அது ஒரு பாங்கியின் இயந்திரமே. பெற்ற பிள்ளைகள் மூவர் இருந்தும் எங்களுள் ஒருவரும் ஒருநாளும் வாழ்த்தியதில்லை. அந்த நாளாவது உண்மையான நாளா என்றால், அதுவும் இல்லை. "அது வாத்தியார் எழுதுன நாளு. நான் பொறந்தது மார்கழியிலே" என்று சொல்லிவிட்டு, அம்மா முறத்தைப் புடைக்கலானார்.

வாத்தியார் எழுதிய நாள் என்பதன் பொருளை நம் சங்கத்து மூத்தோர் நன்கறிவர். அக்காலச் சிற்றூர்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றால், ஆசிரியர் சான்றிதழ் கேட்க மாட்டார். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்பது முடிவு. பள்ளி திறப்பது ஜூன் மாதம். ஆகவே ஐந்து ஆண்டுகளைக் கழித்து, ஜூன் முதல் தேதி என்று பதிவேட்டில் எழுதிவிடுவார். அம்மாவின் விரல் 1969ஆம் ஆண்டில் காதைத் தொட்டது. எனவே 1964 ஜூன் 1 அவருடைய பிறந்த நாளாயிற்று. அதுவே பின்னர்க் குடும்ப அட்டைக்கும், ஆதாருக்கும், பாங்கிக்கும் சென்றது.

ரெயில்வே அலுவலகத்தில் பணிப் பதிவேடுகளைப் புரட்டுவது என் அன்றாட வேலை. பழைய ஊழியர்களின் ஏடுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் பிறந்தவர்களை எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். ஓய்வு பெறும் நாளே அந்த ஒரு வரியைப் பொறுத்தது. "ஐயா, நான் உண்மையில் பிறந்தது தை மாதம்" என்று ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் வந்து நிற்கும் பெரியவர்களுக்குச் சொல்ல விடை ஏது? ஏட்டில் உள்ளதே நாள். இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கென நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் இயற்றப்பட்டதே 1969ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பிறந்தவர்களுள் எத்தனையோ பேருக்கு, தாயின் நினைவைத் தவிர வேறு பதிவேடு கிடையாது.

அத்தாயும் மறைந்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் அம்மாச்சி காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. ஆயினும் பரமக்குடியில் பெரியம்மா இருக்கிறார். அம்மாவைவிட ஒன்பது வயது மூத்தவர். அன்று மாலையே அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

பெரியம்மா சிறிதும் தயங்கவில்லை. "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அந்த ராத்திரி இங்கேயும் பேய்க்காத்துப்பா. நம்ம கூரை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. விடிஞ்சு அன்னிக்குப் பொழுது சாய்ற நேரம், பக்கத்து ஓட்டு வீட்டுத் திண்ணையிலே உங்கம்மா பொறந்தா. மகம் நட்சத்திரம். மகத்துப் பொம்பளை ஜகத்தை ஆளும்னு எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், கூரையே இல்லாத வீட்டிலே" என்றார்.

ரெயில்வேயில் பணிபுரிவோர் எவரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பாசஞ்சர் வண்டியை, ஊரை நெருங்கும் தறுவாயில் கடல் அலை வாரிக்கொண்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. மக்கள் குடியிருக்கத் தகாத இடம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் கண்கள் பல சிதைந்தன. அதைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் வண்டி ஓடச் செய்தார். பிற்காலத்தில் கொங்கண் ரெயில்வேக்கும் டில்லி மெட்ரோவுக்கும் பெயர் தேடித் தந்தவர் அவரே.

இத்தனையும் பாடமாக அறிந்த எனக்கு, அந்தப் புயலுக்கு மறுநாள் மாலையில் என் அன்னையார் பிறந்தார் என்பது மட்டும் முப்பத்து மூன்று வயது வரை தெரியாது! பழைய ஆண்டுகளின் பஞ்சாங்கம் இப்போது கணினியிலேயே கிடைக்கிறது. 1964 டிசம்பர் 23 மாலையைப் பார்த்தேன். மார்கழி மாதம், நட்சத்திரம் மகம். பெரியம்மாவின் நினைவு, பள்ளிப் பதிவேட்டைவிடச் செம்மையாக இருந்தது. அந்தத் தாளை எடுத்துச் சென்று அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு அறுபது இன்னும் ஆகலையா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவில்லை. வருகிற மார்கழியில்தான் ஆகும். இதைக் கேட்டதும் கிருஷ்ணராஜபுரத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மண்டபம் ஒன்றை அமர்த்த வேண்டும், உறவினர் 150 பேரை அழைக்க வேண்டும், அம்மாவை நாற்காலியில் அமர்த்தி மாலையிட வேண்டும் என்று திட்டம் வகுத்தார். மண்டப வாடகை, சாப்பாடு, அலங்காரம், நிழற்படம் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் ஆகும் என்று கணக்கும் காட்டினார். பாதி அவருடையது, பாதி என்னுடையது. என் பாதிக்குக் கடன்தான் வழி.

அன்பின் மிகுதியால் எழுந்த திட்டம் அது. அண்ணனை நான் குறை கூறவில்லை. ஆனால் எனக்கு ஒரு பழைய பாடம் உண்டு. என் மகளின் முதல் ஆண்டு நிறைவை மண்டபத்தில் நடத்தினேன். கேக்கு வெட்டும் நேரத்தில் குழந்தை அயர்ந்து உறங்கிவிட்டாள். உறங்கும் குழந்தையின் கையில் கத்தியை வைத்துப் படம் எடுத்தோம். வந்தவர்களை வரவேற்பதும், பந்தியில் இடம் பார்ப்பதும், சமையற்காரருடன் வாதிடுவதுமாக அன்று முழுதும் நின்றேன். மகளை நான் தூக்கியது கால் மணி நேரம் இருக்குமா என்பது ஐயம். கடன் தவணையோ 24 மாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. குழந்தை ஓடியாடப் பழகிப் பேசத் தொடங்கிய பின்பும், அவளுடைய முதல் பிறந்த நாளுக்கு நான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

இதனிடையே வேறொரு முணுமுணுப்பும் கிளம்பிற்று. அறுபதாம் ஆண்டு விழா என்பது கணவனுக்குச் செய்வது. அவன் அருகில் மனைவி அமர்வாள். கணவனை இழந்தவளுக்கு அது ஏது என்று உறவில் மூத்தவர் ஒருவர் கூறினாராம். எந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. இச்சொல் அம்மாவின் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே எங்களை உறுத்திற்று.

இவ்விடத்தில் பழமையைச் சற்று நோக்குதல் தகும். பிறந்த நாள் விழா மேனாட்டார் கொண்டுவந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் வேண்டுமானால், 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியரிடையே இருந்து பின்னர் உலகெங்கும் பரவியது எனலாம். ஆனால் பிறந்த நாள் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் மன்னனது பிறந்த நாட்சிறப்பைப் பெருமங்கலம் என்று குறிக்கிறது. அந்நாளில் அவன் பகைமையையும் சினத்தையும் நீக்கியிருப்பான் என்பதே அங்குச் சொல்லப்படும் சிறப்பு. வெண்ணிற ஆடை அணிதலால் அதனை வெள்ளணி நாள் என்றும் வழங்கினர். மாமன்னன் இராசராசன் பிறந்த ஐப்பசிச் சதயம் இன்றும் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆண்டுதோறும் விழாவாக நடைபெறுகிறது. விளக்கு ஏற்றுவதா, ஊதி அணைப்பதா என்று நாம் வாதிடுகிறோம். நம் முன்னோரோ அந்நாளில் சினத்தை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனும் நானும் மண்டபக் கணக்கை முன்னிட்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்வது நலம்.

முடிவு செய்தவர் அம்மாவே. அக்கா ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு ஞாயிறன்று எங்கள் மூவரையும் உட்காரவைத்து அவர் கூறினார்: "கடன் வாங்கி எனக்கு மாலை போடாதீங்க. நாளைக்கு மாலை வாடிரும், கடன் வாடாது. உங்களாலே முடியும்னா ஒண்ணு செய்யுங்க. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. அந்த கப்பன் பார்க்கை பஸ்ஸிலே போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். ஒரு நாளும் உள்ளே போய் உக்காந்ததில்லே. எல்லாரும் சேந்து ஒரு நாள் அங்கே போய் உக்காரணும். அப்புறம் தண்ணியும் மரமுமா ஒரு இடம் பாக்கணும். அவ்வளவுதான்."

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. பூங்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோ மீட்டர் தொலைவுக்கு மேல் இராது. நான் பள்ளி நாளில் அங்கே எத்தனை முறை சுற்றியிருப்பேன்! அதே ஆண்டுகளில் அம்மா கமர்ஷியல் தெருக் கடைகளுக்காகப் புடவைக்கு ஓரம் அடித்தும், ரவிக்கை தைத்தும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. அவருடைய தையல் பொறிக்கு விடுமுறை இருந்ததில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் இது அரிய செய்தியன்று. வேலைக்குச் செல்லும் ஆண்மகன் ஊரை அறிவான். பிள்ளைகள் மொழியையும் அறிவார்கள். தாய் அறிவது குழாயடியையும், கடைவீதியையும், கோயிலையும்தான்.

நட்சத்திரப்படி மகம் அந்த ஆண்டு வேலை நாளில் வந்தது. அன்று காலை கோயிலில் அருச்சனை செய்து முடித்தோம். குடும்பம் ஒன்றுகூடுவதற்கு டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொண்டோம். அண்ணன் குடும்பத்தில் நால்வர், அக்கா குடும்பத்தில் மூவர், நாங்கள் நால்வர், அம்மா ஆகப் பன்னிருவர். பரமக்குடியிலிருந்து பெரியம்மா கைத்தறிப் புடவை ஒன்று அனுப்பியிருந்தார். வெண்மையில் மெல்லிய நீலக்கரை. தொல்காப்பியம் அவர் படித்ததில்லை. வெள்ளணி தானாகவே வாய்த்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு இட்டிலி உண்டு புறப்பட்டோம். பூங்காவில் பொட்டலம் பிரித்துக் குப்பை சேர்ப்பதில்லை என்று முன்னரே முடிவு செய்திருந்ததால், தண்ணீர்ச் செம்புகளும், விரிப்பு இரண்டும் தவிர வேறு சுமை இல்லை. குயின்ஸ் ரோடு வழியே அம்மாவும் குழந்தைகளும் ஆட்டோவில் வர, மற்றவர்கள் நடந்தோம்.

ஞாயிறுகளில் பூங்காவின் உட்சாலைகளில் வண்டிகள் நிறுத்தப்படுவதால், அகலமான சாலை முழுதும் மக்களுக்கே உரியதாகிறது. உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். "வண்டி, வண்டி!" என்று அம்மா பதறினார். வண்டி இல்லை என்று தெளிந்ததும், நடுச்சாலையில் ஒரு கணம் நின்று இரு பக்கமும் பார்த்தார். சிவாஜிநகரின் நெரிசலில் சாலையின் ஓரத்தையே பிடித்து நடந்து பழகிய கால்கள், அன்று நடுச்சாலையில் நடந்தன.

இந்தப் பூங்காவை 1870ஆம் ஆண்டில் அமைத்தவர் அன்றைய மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்டு சாங்கி. தொடக்கத்தில் நூறு ஏக்கர் அளவினதாக இருந்து, பின்னர் ஏறத்தாழ முந்நூறு ஏக்கராக விரிந்தது. 1834 முதல் 1861 வரை மைசூரின் கமிஷனராக இருந்த மார்க் கப்பனின் பெயரால் வழங்கினாலும், 1927 முதல் சாமராசேந்திரப் பூங்கா என்பதே அதன் முறையான பெயர். ஒரு பக்கத்தில் சிவந்த மதிலுடன் நிற்பது அட்டாரா கச்சேரி. 1868ஆம் ஆண்டு கட்டி முடித்த அக்கட்டடத்தில் பதினெட்டு அலுவலகங்கள் இருந்தமையால் அப்பெயர். இன்று அங்கே உயர் நீதிமன்றம் இயங்குகிறது. 1915ஆம் ஆண்டில் எழுந்த சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபத்தில் நூலகம் இருக்கிறது. இவற்றையெல்லாம் நான் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டு வர, அண்ணன் மகன் என்னை நோக்கி, "சித்தப்பா, இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் நிழலில் விரிப்பை விரித்தோம். தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் குடியேறிவிட்ட மரம் அது. மாலையில் இலைகளை மடக்கிக்கொள்வதால் நம் மக்கள் அதற்கு அப்பெயர் இட்டார்கள். குடியேறிய மரத்தடியில் குடியேறிய குடும்பம் அமர்ந்தது பொருத்தமே.

அதன் பிறகு நடந்ததை எவ்வாறு எழுதுவது? சொல்லப்போனால் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கீழே கிடந்த சிறு கற்களில் ஐந்தைப் பொறுக்கி எடுத்தார். பேத்திகளை எதிரே அமர்த்திச் சொட்டாங்கல் ஆடலானார். ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுவதற்குள் கீழே உள்ளதை வாரும் அந்தக் கை, ஐம்பது ஆண்டு இடைவெளியில் எதையும் மறந்திருக்கவில்லை. பேத்திகள் தோற்றனர். அக்கா தோற்றாள். அண்ணன் ஒரு கல்லையும் பிடிக்க இயலாமல் எழுந்தார். மருமகள்மார் இருவரும் சேர்ந்து ஆடித் தோற்றார்கள். பக்கத்து மரத்தடியில் இருந்த கன்னடக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, தாமும் வந்து அமர்ந்தார். இருவருக்கும் பொதுவான சொற்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கலாம். ஆட்டத்துக்கு அவை போதுமாயிருந்தன. அந்த மூதாட்டி மட்டுமே அன்று அம்மாவை வென்றவர்.

களைத்து அமர்ந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பத்தா, நீங்க பிறந்த கதையைச் சொல்லுங்க."

பெரியம்மா என்னிடம் தொலைபேசியில் கூறியது நான்கு வரி. அம்மா கூறியதோ ஒரு மணி நேரம். கூரை பறந்த இரவில், கருவுற்றிருந்த அம்மாச்சியைத் தாத்தா தோளில் தாங்கித் தெருவைக் கடத்தியது. ஓட்டு வீட்டுக்காரர்கள் வேறு சாதியினர். அதுவரை அந்தத் திண்ணையில் எங்கள் குடும்பத்தார் ஒருவரும் ஏறியதில்லை. அன்று அந்த வீட்டுப் பெரியவள் வாசலில் விளக்கோடு நின்று, "மேலே ஏறு தாயி" என்றது. விடிந்தபின் மருத்துவச்சியை அழைக்கச் சென்றவர் விழுந்த பனைமரங்களைத் தாண்டித் தாண்டி மாலையில் வந்து சேர்ந்தது. அந்த விளக்குப் பிடித்தவளின் பெயரையே அம்மாவுக்கு இட்டார்களாம். இதுவும் எங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்கு முப்பத்தேழு வயது. அன்றுதான் அவரும் முதன்முறையாகத் தம் தாயின் பெயர்க் காரணத்தைக் கேட்டார்.

மண்டபத்தில் இக்கதையை யார் கேட்டிருப்பார்? ஒலிபெருக்கி ஒரு பக்கம், பந்தி ஒரு பக்கம், படம் எடுப்பவர் "இப்படிப் பாருங்கள்" என்பது ஒரு பக்கம். கதை சொல்லுவதற்குச் சொல்பவருக்கு அவகாசம் வேண்டும். கேட்பவருக்கு வேறு வேலை இருத்தலாகாது. ஒரு மரத்தடி அதைத் தந்தது.

நண்பகலுக்கு வீடு திரும்பினோம். சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம். அண்ணன் தம் பையில் சிறு கேக்கு ஒன்றை மறைத்துக் கொண்டுவந்திருந்தார்! பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். மெழுகுவத்தி வாங்க மறந்துவிட்டாராதலால் வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அம்மா அதை வெட்டி, முதல் துண்டை எந்தையாரின் படத்துக்கு முன் வைத்தார்.

மாலை ஐந்து மணியளவில் அல்சூர் ஏரிக்குச் சென்றோம். நம் மக்கள் ஏரிக்கரைக்குச் சென்றால் திருவள்ளுவர் சிலையைக் காணாமல் திரும்புவதில்லை. 1991ஆம் ஆண்டில், அதாவது நான் பிறந்த ஆண்டில், மூடப்பட்ட அச்சிலை 18 ஆண்டுகள் துணிக்குள்ளேயே நின்றது. 2009 ஆகஸ்டு 9ஆம் தேதி, எடியூரப்பா கர்நாடக முதல்வராக இருந்தபோது, தமிழக முதல்வர் கருணாநிதி வந்து அதைத் திறந்துவைத்தார். அன்று அக்கூட்டத்தில் எந்தையாருடன் நானும் நின்றேன். வள்ளுவர் பிறந்த நாளை உறுதியாக அறிந்தவர் இல்லை. ஆயினும் தை மாதம் இரண்டாம் நாளைத் திருவள்ளுவர் நாளாகத் தமிழகம் கொண்டாடுகிறது. இதைச் சொன்னபோது அம்மா சிலையை அண்ணாந்து பார்த்து, "அவருக்கும் வாத்தியார்தான் எழுதிவச்சாரா?" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏரியைப் பற்றி உயர்வாகவே கூறிவிட்டால் அது பொய்யாகும். 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்நீரில் மீன்கள் திரள் திரளாக மடிந்து மிதந்ததை நாம் மறக்கவில்லை. கழிவுநீர் கலப்பதன் பயன் அது. ஆயினும் மாலை வெயில் நீரின்மேல் படும்போது ஊர்க் கண்மாயின் நினைவு வந்துவிடுகிறது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். "உங்கப்பா இருந்தா இந்நேரம் பொரி வாங்கியிருப்பாரு, மீனுக்குப் போட" என்றார். அண்ணன் சொல்லாமல் நழுவிச் சென்று பொரி வாங்க முயன்று, கிடைக்காமல் வேர்க்கடலையோடு வந்தார். அதை மீனுக்குப் போடாமல் நாங்களே உண்டோம்.

அன்றைய செலவைக் குறித்துவைத்திருக்கிறேன். எழுத்தர் தொழிலின் பழக்கம் போகாதன்றோ! பூவும் பழமும் 260 ரூபாய். சமையலும் பாயசமும் 1,450. ஆட்டோ 480. வேர்க்கடலை 120. ஆக 2,310 ரூபாய். கேக்கின் விலையை அண்ணன் இன்றுவரை கூற மறுக்கிறார். எங்களுக்குத் தவணை இல்லை. அழைக்கவில்லையே என்று மனத்தாங்கல் கொண்ட உறவினர் இருவர் உண்டு. பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்கு அம்மாவை அழைத்துச் சென்று அதைத் தீர்த்துக்கொண்டோம்.

சகோதரிகளும் சகோதரர்களும் ஒரு காரியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் முதியவர் இருப்பின், அவர் பிறந்த நாளை அட்டையில் பார்க்காதீர்கள், அவரையே கேளுங்கள். அவருக்குத் தேதி தெரியாமல் இருக்கலாம். எந்தப் பஞ்சம், எந்த வெள்ளம், எந்தத் தேர்தல், ஊரில் எந்தத் திருவிழா, என்ன நட்சத்திரம் என்று கேட்டால் சொல்வார். இரண்டு செய்திகள் கிடைத்தால் போதும். பழைய பஞ்சாங்கம் மீதியைக் காட்டிக்கொடுக்கும். கேட்டதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஊரில் அவரைவிட மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் பெரியம்மா அவ்வாண்டு உயிரோடு இருந்தது எங்கள் நற்பேறு. குழந்தைகளுக்கோ இத்தொல்லை வேண்டா; பிறப்புச் சான்றிதழில் பெயரும் நாளும் பிழையின்றி இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுவது நலம். 2023 அக்டோபர் முதல், அதன் பின் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் அச்சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி பாம்பனில் புதிய ரெயில் பாலம் திறக்கப்பட்டது. அம்மாவை அதன்மேல் ஒரு முறை அழைத்துச் செல்ல வேண்டும் என்று அண்ணனும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். இம்முறை சண்டை இல்லை. படுக்கை வசதிப் பெட்டியா, குளிர்சாதனப் பெட்டியா என்பதில் மட்டும் சிறு கருத்து வேறுபாடு.

அதே ஆண்டு ஜூன் முதல் தேதி காலை, பாங்கியின் வாழ்த்து வழக்கம் தவறாமல் வந்தது. என் மகள் படித்துக் காட்டிவிட்டு, "அப்பத்தா, இது உங்களுக்கு இல்லை, உங்க வாத்தியாருக்கு" என்றாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "பாவம், அவரும் ஆசையாத்தான் எழுதியிருப்பாரு. இன்னிக்கு ஞாயித்துக்கெழமைதானே? வா, அந்த மரத்தடிக்குப் போயிட்டு வருவோம். கல்லு அஞ்சும் எடுத்துக்கோ" என்றார்.